பத்திரிகையில் பேபி என்றே இருக்கும்

தம்பி,

நீ அனுப்பிய தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. போடப்போவதும் இல்லை. சுற்றி வளைத்துப் பேசினால் உனக்குப் பிடிக்காது என்பதால் இதை முதலிலேயே எழுதிவிட்டேன். மற்றதை நிதானமாகப் படி. கல்யாணத்துக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. போனில் பேசினால் நீ நடுவில் பேசுவாய், நானும் குரலை உயர்த்துவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தத் தாளைக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு எதிரே இருக்கும் பிரவுசிங் சென்டரில்தான் பிரிண்ட் எடுத்தேன். அரசிதழில் பெயர் மாற்றிக்கொள்ள விண்ணப்பம். பழைய பெயர் என்ற இடத்தில் பேபி என்றும், புதிய பெயர் என்ற இடத்தில் பத்மாவதி என்றும் நீயே அயர்லாந்தில் உட்கார்ந்து டைப் செய்து அனுப்பியிருந்தாய். கூடவே ஒரு குரல் பதிவு. ஒரே ஒரு கையெழுத்துதான் என்றாய். பாஸ்போர்ட்டுக்கும் விசாவுக்கும் சுலபம் என்றாய். கடைசியில் கொஞ்சம் தயங்கி, கல்யாணப் பத்திரிகையின் ஆங்கிலப் பக்கத்தில் மிசஸ் பேபி என்று போட்டால் நிவேதா வீட்டில் என்ன நினைப்பார்களோ என்றாய். அந்தத் தயக்கத்தை மட்டும் நான் நான்கைந்து தடவை கேட்டேன். நீ சொல்ல வந்தது அதுதான், பாஸ்போர்ட் எல்லாம் அதற்கு முன்னால் போட்ட பீடிகை என்று எனக்குப் புரிந்தது.

பாஸ்போர்ட்டில் சிக்கல் வந்தது உண்மைதான். நீ சொன்னதால் முதல் தடவை அதே சென்டரில் விண்ணப்பம் போட்டேன். அங்கே டைப் அடிக்கும் பிள்ளை பெயரைக் கேட்டான், பேபி என்றேன். அவன் தலையைத் தூக்காமல், "கொழந்தைக்கா? பர்த் சர்டிபிகேட் கொண்டாந்தீங்களா?" என்றான். எனக்குத்தான், என் பெயர்தான் அது என்றேன். சரி சரி என்றான். ஆனால் கம்ப்யூட்டரில் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர் என்ற கட்டத்திலேயே டிக் போட்டுவிட்டான். ஐம்பது வயதில், தலை பாதி நரைத்தவள், கண்ணாடி போட்டவள் எதிரில் நிற்கிறேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, திரையில் இருந்த நான்கு ஆங்கில எழுத்தைத்தான் பார்த்தான். விண்ணப்பம் திரும்பி வந்தது. அதைக் கேட்டுத்தான் நீ இந்தப் பெயர் மாற்றும் யோசனைக்கு வந்தாய். கோபம் அந்தப் பையன் மேல் எனக்கு இல்லை. என் வாழ்நாள் முழுக்க இது நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இந்தப் பெயர் எனக்கு எப்படி வந்தது என்று உனக்கு நான் சொன்னதே இல்லை. செல்லமாக வைத்தது என்று நீ நினைத்திருப்பாய். களமருதூரில் என் அப்பாவுக்கு நான் நான்காவது பெண். பையன் பிறப்பான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். நான் பிறந்ததைக் கேட்டதும் அவர் நடவு இருக்கிறது என்று வயலுக்குப் போய்விட்டார். பதினோரு நாள் ஆஸ்பத்திரி பக்கமே வரவில்லை. அங்கே இருந்த நர்ஸ் அட்டையில் பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விடக்கூடாதே என்று ஆங்கிலத்தில் பேபி என்று எழுதிவிட்டாள். குழந்தை என்று அர்த்தம், அவ்வளவுதான். வீட்டில் பெயர் வைக்கிற சடங்கு நடக்கவே இல்லை. அஞ்சு வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் பெயர் என்ன என்று கேட்டார். அப்பா அந்த அட்டையை நீட்டி, "அதுல இன்னா எழுதி இருக்குதோ அதையே எழுதிக்குங்க சார்" என்றார். அப்படித்தான் அது பெயரானது. யாரும் எனக்கு வைத்த பெயர் இல்லை தம்பி. வைக்காமல் விட்ட இடத்தில் ஒட்டிக்கொண்ட சொல். ஆனால் அந்தச் சொல்லுக்குள் உட்கார்ந்து அதை ஒரு ஆளாக மாற்றியவள் நான்.

தமிழில் அது எனக்குத் தொந்தரவு கொடுத்ததே இல்லை. தமிழில் குழந்தை என்றால் குழந்தை, பேபி என்றால் நான். ஊரில் பேபியக்கா என்பார்கள், நான் வேலை பார்க்கும் கல்வராயன் மலையில் பேபி நர்சம்மா என்பார்கள். ஒருவரும் குழம்பியதில்லை. ஆங்கிலத்தில் எழுதினால்தான் வம்பு. நர்ஸ் பயிற்சிக்குப் போனபோது முதல் வாரமே தெரிந்துவிட்டது. பிறந்த குழந்தையின் கையில் கட்டும் பட்டையில் பி போட்டு, ஒரு சாய்கோடு போட்டு, ஓ போட்டு, தாயின் பெயரை எழுதுவோம். இன்னாருடைய குழந்தை என்று பொருள். எடை எழுதும் பதிவேட்டில் பேபி, தடுப்பூசி அட்டையில் நேம் ஆஃப் பேபி, கடைசியில் கையெழுத்து பேபி. ஒருமுறை புதிதாக வந்த மேற்பார்வையாளர் என் மாதாந்தர அறிக்கையில் நான் போட்ட கையெழுத்தைச் சிவப்பு மையால் சுழித்து, எந்தக் குழந்தை என்று பக்கத்தில் எழுதி அனுப்பினார். கடைவீதியில் பேபி ஷாப் என்று போர்டு பார்த்தால் கூட வேலை செய்கிறவர்கள் உங்கள் கடையா என்பார்கள். நானும் சிரிப்பேன். எல்லாரோடும் சேர்ந்து சிரித்துவிட்டால் வலிக்காது என்று அப்போது நினைத்தேன்.

என் கல்யாணப் பத்திரிகையை நீ பார்த்ததில்லை. அது வீட்டில் இல்லை. அதில் என் பெயர் பாக்கியலட்சுமி. மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் கௌரவமாக இருக்கட்டும் என்று அப்பா யாரையும் கேட்காமல் அச்சடித்துவிட்டார். பிறந்து இருபது வருஷம் கழித்து எனக்கு வைத்த பெயர், அதுவும் ஒரு நாளைக்கு. என்னோடு படித்த இரண்டு பெண்கள் வேறு யாருக்கோ கல்யாணம் என்று நினைத்து வராமல் இருந்துவிட்டார்கள். மேடையில் ஐயர் அந்தப் பெயரைச் சொன்னபோது நான் நிமிரவில்லை. உன் அப்பாதான் மெதுவாக, "உன்னத்தான் சொல்றாரு" என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. ஒரு கல்யாணத்தில் நான் வேறொருத்தியாக உட்கார்ந்தாகிவிட்டது. மகன் கல்யாணத்திலும் அப்படி உட்காரச் சொல்லாதே.

இப்போது நான் செய்த தப்பைச் சொல்கிறேன். நீ மறந்திருப்பாய் என்று நினைத்திருந்தேன். அந்தத் தாளில் பத்மாவதி என்று பார்த்ததும் மறக்கவில்லை என்று தெரிந்தது. நீ நாலாம் வகுப்பு. ஆங்கில வகுப்பில் மை மதர் என்று பத்து வரி எழுதச் சொன்னார்கள். மை மதர்ஸ் நேம் ஈஸ் பேபி என்று நீ எழுதி எழுந்து நின்று படித்தாய். வகுப்பே சிரித்தது. உன் அம்மா குழந்தையா, தொட்டிலில் படுத்துக்கொள்வாளா என்று கேட்டார்கள். நீ ஒரு பையனை ஸ்கேலால் அடித்துவிட்டாய். நான் மலையிலிருந்து சனிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது உன் நோட்டில் ஆசிரியை என்னை வரச்சொல்லி எழுதியிருந்தார். திங்கட்கிழமை போனேன். அந்த அம்மா நல்லவர்தான். ஆனாலும் அவர் உதட்டின் ஓரத்தில் சிரிப்பு இருந்தது. வீட்டில் கூப்பிடுகிற பெயரைச் சொல்லாமல் உண்மையான பெயரைப் பையனுக்குச் சொல்லிக்கொடுங்கள் என்றார். எனக்கு மலைக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அதுதான் உண்மையான பெயர் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். நான் சொல்லவில்லை. பத்மா என்று எழுதச் சொல்லுங்கள் டீச்சர் என்றேன். நீ என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாய். என் முகத்தை அண்ணாந்து பார்த்தாய். பிறகு நீ எல்லா இடத்திலும் பத்மா என்றே எழுதினாய்.

அந்த வெட்கத்தை உனக்குக் கற்றுக்கொடுத்தவள் நான். எந்தப் பள்ளிக்கூடமும் இல்லை, நிவேதா வீட்டாரும் இல்லை. பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் ஒரு நிமிஷத்தில் கற்றுக்கொடுத்தேன். அதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால் அந்தத் தப்பையே அரசிதழில் போட்டு நிரந்தரமாக்க என்னால் முடியாது.

நான் எப்போது மாறினேன் என்று நீ கேட்கலாம். அந்த மெமோவுக்குப் பிறகுதான். உனக்குப் பாதிதான் தெரியும், மீதியை இப்போது தெரிந்துகொள்.

நீ அப்போது பத்தாவது முடித்துப் பதினொன்றில் சேர்ந்திருந்தாய். கல்வராயன் மலையில் என் துணை சுகாதார நிலையத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர் உள்ளே ஒரு சின்ன ஊர். சின்னப்பொண்ணு என்று ஒரு பெண், அது அவளுக்கு முதல் பிரசவம். தேதிக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. காலையில் ஏழு மணிக்கு அவள் புருஷன் நனைந்துகொண்டே ஓடி வந்தான். இரண்டு நாளாக மழை, ஓடையில் தண்ணீர் ஏறி ஜீப் போகவில்லை. ஆம்புலன்சுக்கு போன் போட்டுவிட்டு, பையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு அவனோடு நடந்தேன். ஓடையில் இடுப்பளவு தண்ணீர். அவன் கையைப் பிடித்துக்கொண்டு தாண்டினேன். நான் போனபோது ஒன்பதரை. பத்து மணிக்குப் பிறந்தது. ஆண் குழந்தை, மிகச் சின்னது, உடம்பு நீலம் பாய்ந்திருந்தது, அழவில்லை. தெரிந்ததையெல்லாம் செய்தேன். மூக்கையும் வாயையும் துடைத்து, முதுகைத் தேய்த்து, பையில் இருந்த கருவியை முகத்தில் வைத்து மூச்சு கொடுத்தேன். கடைசியில் பூனைக்குட்டி போல ஒரு சத்தம் வந்தது. அதை என் மார்போடு சேர்த்துப் புடவையால் கட்டிக்கொண்டு, அவளைக் கட்டிலோடு நாலு பேர் தூக்க, திரும்ப ஓடையைத் தாண்டினோம். அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் நின்றது. மலைக்குக் கீழே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர மதியம் மூன்றாகிவிட்டது. அடுத்த நாள் காலை குழந்தை போய்விட்டது.

குழந்தை இறந்தால் அறிக்கை எழுதுவார்கள். ஆஸ்பத்திரியில் எழுதியதை யாரோ டைப் அடித்திருக்கிறார்கள், எல்லாமே பெரிய எழுத்தில். அது மேலே போய், அங்கிருந்து இரண்டு வாரம் கழித்து எனக்கு மெமோ வந்தது. மெமோவில் அந்த அறிக்கையிலிருந்து இரண்டு வரியை எடுத்துப் போட்டு, இதற்கு உன் விளக்கம் என்ன என்று கேட்டிருந்தார்கள். நான் அதை மடித்து எடுத்துக்கொண்டு மணலூர்பேட்டையில் நம் வீட்டுக்கு வந்தேன். எனக்கு மருந்துப் பெயர் தவிர ஆங்கிலம் அவ்வளவாக வராது. நீ கொல்லையில் பல் விளக்கிக்கொண்டிருந்தாய். உன்னிடம் கொடுத்தேன். நீ வாயைக் கொப்பளித்துவிட்டு வாங்கிப் படித்தாய். பேபி அரைவ்ட் லேட். பேபி டிட் நாட் ரெஸ்பாண்ட். கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்தாய். பிறகு, "ஏம்மா லேட்டா போன?" என்றாய். "கூப்ட்டதுக்கு நீ பதிலே சொல்லலன்னு எழுதி இருக்குது."

அன்றைக்கு எனக்கு மெமோ வலிக்கவில்லை தம்பி. நீ கேட்டதுதான் வலித்தது. உன்மேல் குற்றமில்லை. தாளில் இருந்ததை நீ படித்தாய். என்னை எதிரில் வைத்துக்கொண்டே தாளை நம்பினாய், அவ்வளவுதான். நானே கூட ஒரு வாரம் நம்பினேன். இடுப்பளவு தண்ணீரில் போனவள், ஒருவேளை இன்னும் சீக்கிரம் போயிருக்கலாமோ, அவன் வருவதற்கு முன்னால் யாராவது போன் செய்து நான் எடுக்காமல் விட்டேனோ என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். எழுத்தில் வந்துவிட்டால் பொய்க்கும் ஒரு மரியாதை வந்துவிடுகிறது.

பிறகு முழு அறிக்கையின் நகல் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அதெல்லாம் தேவையில்லை, மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் முடிந்துவிடும் என்று கூட வேலை செய்கிறவர்கள் சொன்னார்கள். மூன்று முறை அலைந்த பிறகு நகல் கொடுத்தார்கள். மொத்தம் மூன்றே வரி. அதை வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, உன் பழைய அகராதியில் ஒவ்வொரு வார்த்தையாகப் பார்த்தேன். முதல் இரண்டு வரி மெமோவில் இருந்ததுதான். மூன்றாவது வரிக்கு அகராதி தேவைப்படவில்லை. பேபி வெயிட் ஒன்று புள்ளி ஒன்பது கிலோ. பக்கத்தில் ஒரு அம்மா தக்காளிக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று தெரியாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை தாமதமாக வந்து சேர்ந்தது. சிகிச்சைக்குக் குழந்தை ஈடுகொடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் எழுதியது அதைத்தான். ஆங்கிலத்தில் பெயர் என்றால் முதல் எழுத்து பெரிதாக இருக்கும், குழந்தை என்றால் சின்னதாக இருக்கும். எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் அடித்ததால் செத்துப்போன குழந்தையும் நானும் ஒன்றாகிவிட்டோம்.

விசாரணைக்கு வந்த அதிகாரி வயதானவர், பொறுமையாகத்தான் கேட்டார். இந்த இரண்டு வரிக்கு என்ன சொல்கிறீர்கள் என்றார். நான் நகலை அவர் முன்னால் வைத்து மூன்றாவது வரியைத் தொட்டுக் காட்டினேன். "சார், ஒண்ணு புள்ளி ஒம்போது கிலோன்னு போட்டு இருக்குது பாருங்க. நான் அறுபத்திரெண்டு கிலோ இருக்கறேன்" என்றேன். அவர் படித்தார். திரும்பப் படித்தார். பக்கத்தில் இருந்த கிளார்க்கிடம் நீட்டினார். கிளார்க்குக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதிகாரி அவரை முறைத்தார். பிறகு என்னிடம், பாருங்கம்மா, உங்கள் பெயர்தான் பிரச்சினை, பேசாமல் மாற்றிக்கொண்டால் இனிமேல் இந்தத் தொல்லை வராது என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் நான் விடவில்லை. "லேட்டாக்குனது ஓடையும் ரோடும் சார். ஒழுங்கா படிக்காதது ஆபீசு. மெமோ எனக்கு. பேரையும் நானே மாத்திக்கணுங்களா?" என்றேன். அவர் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். நான்தான் முடிக்கவில்லை. அந்த அறிக்கையில் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. பிரசவத்துக்குப் பத்து நாள் முன்னால் நான் சின்னப்பொண்ணைப் பார்க்கப் போயிருந்தேன். கால் வீங்கியிருந்தது, ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறியிருந்தது. கீழே வந்து ஆஸ்பத்திரியில் தங்கு என்றேன். சாமை அறுப்பு இருக்கிறது, அடுத்த வாரம் வருகிறேன் என்றாள். அன்று மலையில் இன்னும் மூன்று வீடு பாக்கி இருந்தது. சரி, அடுத்த வாரம் வா என்று சொல்லிவிட்டு நடந்தேன். உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசியிருந்தால் வந்திருப்பாள். அதை அதிகாரியிடம் சொன்னேன். அவர், அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, எழுதாதீர்கள் என்றார். நான் விளக்கத்தில் எழுதினேன். தமிழில்தான், குண்டு குண்டாக. நான் தாமதமாகப் போகவில்லை, கூப்பிட்டதும் போனேன், ஆனால் முன்கூட்டியே அவளைக் கீழே கொண்டுவராதது என் தப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்கு ஓர் எச்சரிக்கை வந்தது. என் பணிப்பதிவேட்டில் இன்றைக்கும் இருக்கிறது. அதில் எனக்கு வருத்தமில்லை. அது நான் செய்ததற்கு என் பெயரில் வந்தது. சின்னப்பொண்ணு ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. எந்த எச்சரிக்கையையும் விட அது கனமாக இருந்தது. அதற்கப்புறம் மாதம் நிறைந்த எந்தப் பெண்ணையும் அடுத்த வாரம் வா என்று சொல்லிவிட்டு நான் எழுந்ததில்லை. அடுப்படியில் உட்கார்ந்துவிடுவேன். கிளம்பினால்தான் நானும் கிளம்புவேன் என்பேன்.

இப்போது புரிகிறதா? அந்தப் பெயரில் நான் குற்றவாளியாக நின்றிருக்கிறேன், அந்தப் பெயரில் எதிர்த்துப் பேசியிருக்கிறேன், அந்தப் பெயரில் என் தப்பை ஒத்துக்கொண்டிருக்கிறேன். மலையில் நானூறு ஐந்நூறு பிள்ளைகள் என் கையில் பிறந்திருக்கும். உன் பத்மாவதி எங்கேயாவது ஒரு ஓடையைத் தாண்டியிருக்கிறாளா? அவள் நாலாம் வகுப்பு வாசலில் ஒரு நிமிஷம் நின்றவள். அவளுக்கு என் சர்டிபிகேட்டுகளை ஏன் கொடுக்க வேண்டும்?

நிவேதா வீட்டைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். உனக்குத் தெரியாத ஒரு கதை சொல்கிறேன். நீ காலேஜ் கடைசி வருஷ லீவில் வீட்டுக்கு வந்திருந்தாய். போனைச் சார்ஜில் போட்டுவிட்டு அப்பாவோடு கரும்புத் தோட்டத்துக்குப் போய்விட்டாய். போன் வெளிச்சம் காட்டியது. எட்டிப் பார்த்தேன். ஹாய் பேபி என்று ஆங்கிலத்தில் இருந்தது. எனக்கு வந்தது என்றுதான் நினைத்தேன், யார் இவ்வளவு மரியாதை இல்லாமல் பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று. அதைத் தொட்டு, யாருங்க, இன்னா விஷயம் என்று தமிழில் அடித்து அனுப்பினேன். அப்புறம் ஸாரி ஆன்ட்டி, நான் நிவேதா என்று வந்தது. உனக்குச் சொல்லவேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டாள், நானும் சொல்லவில்லை. மறுநாள் என் நம்பரை எப்படியோ பிடித்துப் பேசினாள். என் பெயரே அதுதான் என்று சொன்னதும் சிரித்தாள், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் குத்தல் இல்லை. அன்றிலிருந்து எங்கள் பேச்சு தனி. போன வாரம் அவளையே கேட்டேன், பத்திரிகையில் பேபி என்று போட்டால் உங்கள் வீட்டில் யாராவது சிரிப்பார்களா என்று. கொஞ்சம் யோசித்துவிட்டு, "எங்க சித்தப்பா சிரிப்பாரு அத்தை. அவரு எல்லாத்துக்கும்தான் சிரிப்பாரு" என்றாள். ஒரு சித்தப்பாவுக்காக நான் அரசாங்கத்துக்கு விண்ணப்பம் போட முடியாது.

பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. உன்னிடம் சொல்லவில்லை. திரும்ப அதே சென்டருக்குப் போய் அதே பிள்ளையின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவன் ஒவ்வொரு கட்டத்தையும் என்னிடம் படித்துக் காட்டிய பிறகுதான் அடுத்ததுக்குப் போனான். ஆபீசில் கவுன்டரில் இருந்த பெண், மேடம், வேறு பெயர் ஏதாவது உண்டா என்றாள். "இல்லீங்க. இது ஒண்ணுதான்" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பள்ளிக்கூடச் சான்றிதழைப் பார்த்தாள், முத்திரை குத்திவிட்டாள். அவ்வளவுதான் விஷயம். மாற்றுவதற்கு ஆகும் அலைச்சலில் பாதிகூட மாற்றாமல் இருப்பதற்கு ஆகவில்லை.

நேற்று நானும் உன் அப்பாவும் பத்திரிகை அடிக்கிற இடத்துக்குப் போனோம். அச்சகக்காரர் ஆங்கிலப் பக்கத்தைத் திரையில் காட்டி, அம்மா பெயரைச் சொல்லுங்கள் என்றார். நான் சொன்னேன். அவர் உன் அப்பாவைப் பார்த்து, சார் பெயர் மட்டும் போட்டு, மிஸ்டர் அண்ட் மிசஸ் என்று முடித்துவிடலாம், இப்போது எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள், பார்க்கவும் நீட்டாக இருக்கும் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அப்பா பேசினார். உனக்குத் தெரியும், அவர் ஒரு வாரத்துக்குப் பேசுவது ஒரு பக்கத்துக்கு வராது. "அவ பேரு இல்லாத பத்திரிகையில எம்பேரு இன்னாத்துக்குங்க?" என்றார். அச்சகக்காரர் பேபி என்று அடித்தார். முப்பது வருஷமாக என்னை இந்தாம்மே என்று கூப்பிடுகிற மனுஷன். என் பெயர் அவருக்கு ஞாபகம் இருக்கிறதா என்றுகூட நான் சில சமயம் நினைத்ததுண்டு. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தேன்.

உனக்கு ஒரே ஒரு வேலை வைத்திருக்கிறேன். அயர்லாந்திலிருந்து உன் ஆபீஸ் ஆட்கள் நாலு பேர் வருகிறார்கள் என்றாய். ரிசப்ஷனில் அவர்களை என்னிடம் நீதான் கூட்டிக்கொண்டு வரவேண்டும். நிவேதாவை விட்டுச் சொல்லச் சொல்லாதே, உன் சித்தப்பா பிள்ளைகளைச் சொல்லச் சொல்லாதே. நீயே ஆங்கிலத்தில், இது என் அம்மா, பெயர் பேபி என்று சொல். அவசரமாக முணுமுணுக்காதே. சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவாமல் கொஞ்சம் நிறுத்து. அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். நான் அங்கேயே நிற்பேன். சிரித்து முடித்த பிறகு, அவர்களைப் பந்திக்கு நானே அழைத்துக்கொண்டு போகிறேன்.

அம்மா